அப்புறம் ஏன் டாக்டர் எழுதிக் கொடுத்தீங்க?

போன வாரம் ஒரு கல்யாணப் பந்தியில் எனக்கு எதிர் இலையில் இருந்த பெண், நான் ரசம் கேட்ட குரலை வைத்து என்னைக் கண்டுபிடித்துவிட்டார். எனக்கு அவரைத் தெரியவில்லை. கொரோனா இரண்டாம் அலையின்போது, 2021 மே மாதத்தில் நான் பார்த்ததெல்லாம் மாஸ்க்குக்கு மேலே தெரிந்த கண்கள்தான். வந்தவர்களுக்கும் நான் அப்படித்தான், பிபிஇ என்ற பாதுகாப்பு உடைக்குள்ளிருந்து வரும் ஒரு குரல்.

"நீங்க கேஷுவால்டி டாக்டர்தானே? அப்பாவுக்கு ரெம்டெசிவிர் எழுதிக் கொடுத்தீங்க. ரெண்டு நாள் கீழ்ப்பாக்கத்துல நின்னேன், கிடைக்கல. இன்னும் ஒரு நாள் நின்னிருந்தா அப்பா இருந்திருப்பார்ல?"

ரெம்டெசிவிர் என்பது கோவிட் நோயாளிகளுக்கு அப்போது போட்ட வைரஸ் எதிர்ப்பு ஊசி. சென்னையில் அரசு அதைக் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியில் விற்றது. இல்லம்மா, அந்த ஊசி கிடைத்திருந்தாலும் பெரிதாக எதுவும் மாறியிருக்காது என்றேன். ஆறுதலுக்காகச் சொன்னதில்லை, உண்மை. அவர் கொஞ்ச நேரம் இலையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்:

"அப்புறம் ஏன் டாக்டர் எழுதிக் கொடுத்தீங்க?"

பாயசம் வந்தது. நான் பதில் சொல்லவில்லை. இங்கே சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எங்களுக்குத் தெரியாமல் இல்லை. 2020 அக்டோபரிலேயே உலக சுகாதார நிறுவனத்தின் சாலிடாரிட்டி ஆய்வு, ரெம்டெசிவிர் இறப்பைக் குறைத்ததாகத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டது. நவம்பரில் அந்த நிறுவனமே, மருத்துவமனையில் இருக்கும் கோவிட் நோயாளிகளுக்கு அதைப் பரிந்துரைக்கவில்லை என்று அறிவித்தது. குணமாகும் நாட்களைச் சற்றுக் குறைக்கிறது என்று சொன்ன அமெரிக்க ஆய்வும் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் நகையை அடகு வைத்து, ஆதார் நகலும் ஆர்.டி.பி.சி.ஆர் முடிவும் சி.டி. ரிப்போர்ட்டும் எங்கள் சீட்டும் கையில் பிடித்துக்கொண்டு, வெயிலில் ஆயிரம் பேரோடு முண்டியடித்து வாங்க வேண்டிய அமுதம் இல்லை அது.

அமுதம் என்று ஒன்று இருந்தால் அது டெக்ஸாமெத்தசோன். தெருமுனை மருந்துக் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் பழைய ஸ்டீராய்டு. 2020 ஜூனில் பிரிட்டனின் ரிகவரி ஆய்வு சொன்ன கணக்கு இது: வென்டிலேட்டரில் இருந்தவர்களில் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்கள் நூற்றுக்கு 41 பேர் இறந்தார்கள், தினம் 6 மில்லிகிராம் இந்த மருந்தையும் சேர்த்துப் பெற்றவர்களில் 29 பேர். ஆக்ஸிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பயன் இல்லை. (அப்படிப்பட்டவர்களுக்கும் அள்ளிக் கொடுத்ததும், சர்க்கரையைக் கவனிக்காததும் கருப்புப் பூஞ்சைக்கு வழிவிட்டன. அது தனிக் கதை, அதிலும் எங்களுக்குப் பங்கு உண்டு.) எங்கள் நோயாளிகள் எல்லோருக்கும் டெக்ஸா போட்டோம். நோயாளியோடு வந்த ஒருவர்கூட அதைப் பற்றிக் கேட்டதில்லை. சல்லிசாகக் கிடைப்பதை மருந்து என்று யார் மதிப்பார்கள்?

சரி, ஏன் எழுதினோம்?

அந்த மே மாதம் எங்கள் கேஷுவால்டி எப்படி இருந்தது என்று சொன்னால்தான் புரியும். மாநிலத்தில் ஒரு நாள் தொற்று 36 ஆயிரத்தைத் தாண்டிய மாதம். வாசலில் ஆம்புலன்ஸ் வரிசை. உள்ளே ஒருவருக்கு வார்டில் படுக்கை கிடைத்தால்தான் வெளியே ஒருவரை இறக்க முடியும். நாங்கள் மருத்துவம் பார்த்ததைவிட வகுத்தல் கணக்குப் போட்டதுதான் அதிகம். ஒரு ஜம்போ சிலிண்டரில் சுமார் 7,000 லிட்டர் ஆக்ஸிஜன். பை வைத்த மாஸ்க்கில் நிமிடத்துக்கு 15 லிட்டர் விட்டால் எட்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக வரும். மூக்கு வழியாக வேகமாக ஆக்ஸிஜன் செலுத்தும் ஹை ஃப்ளோ கருவியில் நிமிடத்துக்கு 60 லிட்டர் போனால் இரண்டு மணி நேரத்துக்குள் காலி. ஒரு ஆளை ஹை ஃப்ளோவில் வைத்தால் நான்கு பேரின் மாஸ்க்கைப் பிடுங்குவதற்குச் சமம். இந்தக் கணக்கை எந்த எம்.பி.பி.எஸ் தேர்விலும் கேட்டதில்லை.

அப்போது ஒரு மகள் வந்து, "வேற எதாவது செய்யணுமா டாக்டர், சொல்லுங்க, செய்றேன்" என்கிறாள். செய்ய வேண்டியதெல்லாம் செய்தாகிவிட்டது, இனிக் காத்திருப்பதுதான் என்று சொல்ல அரை மணி நேரம் வேண்டும். சீட்டு எழுத அரை நிமிடம் போதும். அரசு வழிகாட்டுதலிலும் அந்த மருந்தின் பெயர் இருந்தது, சட்டப்படி தப்பில்லை. எழுதாவிட்டால், 'அந்த டாக்டர் ஊசி எழுதலை, அதான் போயிட்டார்' என்று நாளை சண்டைக்கு வருவார்கள் என்ற பயமும் இருந்தது. எழுதினோம். நான் எழுதினேன். அவள் கையில் ஒரு வேலையைக் கொடுத்து என் முன்னாலிருந்து அனுப்பிவைத்தேன் என்பதுதான் நேர்மையான பதில்.

இதில் என்னை உறுத்துவது மருந்து பெரிதாக வேலை செய்யாதது இல்லை. வேலை செய்யக்கூடிய ஒன்றை அந்தச் சீட்டு வெளியே அனுப்பிவிட்டது.

நிறையப் பேர் நடந்தே வந்தார்கள். "ஒண்ணுமில்ல சார், லேசா அசதி" என்பார்கள், விரலில் ஆக்ஸிமீட்டரை மாட்டினால் சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு, ஆபத்தான 70 காட்டும். கரியமில வாயு ஏறினால்தான் நமக்குச் சட்டென்று மூச்சு முட்டும். இந்த நோயில் பலருக்கு அது வெளியேறிக்கொண்டே இருந்ததால், ஆக்ஸிஜன் இறங்கியது உடம்புக்கே உறைக்கவில்லை. இப்படிப்பட்டவர்களைக் குப்புறப் படுக்க வைத்தால், மல்லாந்திருக்கும்போது நசுங்கிக் கிடந்த நுரையீரலின் பின்பகுதி திறந்துகொள்ளும். 84 இருந்தது கண் முன்னால் 91 ஆவதைப் பார்த்திருக்கிறேன். பைசா செலவில்லை. ஆனால் தொந்தி உள்ள 60 வயதுக்காரர் தானாக எவ்வளவு நேரம் குப்புறப் படுப்பார்? பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். தலையணை சரிசெய்ய, மாஸ்க்கைப் பிடுங்கும்போது திரும்ப மாட்ட, "இன்னும் பத்து நிமிஷம்ப்பா" என்று கெஞ்ச. இரவு டூட்டியில் இரண்டே சிஸ்டர்கள், மூச்சுத் திணறலோடு முப்பது பேர். விதிப்படி உறவினர்கள் உள்ளே வரக்கூடாது. வந்தார்கள், நாங்களும் கண்டுகொள்ளவில்லை, ஏனென்றால் அந்தக் கைகள் எங்களுக்குத் தேவைப்பட்டன.

அந்தக் கைகளில்தான் சீட்டைக் கொடுத்து வரிசையில் நிற்க அனுப்பினோம்.

மே நடுவில் ரெம்டெசிவிர் விற்பனையைக் கீழ்ப்பாக்கத்திலிருந்து நேரு ஸ்டேடியத்துக்கு மாற்றினார்கள். அங்கேயும் அதே கூட்டம். அப்புறம்தான் மருந்தை நேரடியாக மருத்துவமனைகளுக்கே கொடுப்பது என்று அரசு முடிவெடுத்தது. முதல் நாளே செய்திருக்க வேண்டியது. நோயாளியின் வீட்டார் ஊர் ஊராக அலைந்து மருந்து வாங்கி வருவது என்ற பழக்கமே அவசர சிகிச்சையில் இருக்கக்கூடாது என்பது என் கட்சி. மருந்து தேவை என்றால் மருத்துவமனை வாங்கட்டும், கிடைக்கவில்லை என்றால் மருத்துவமனையே பதில் சொல்லட்டும்.

மருந்து கிடைத்தவர்களும் உண்டு. ஒருவர் வருடா வருடம் மே மாதம் அப்பாவோடு ஸ்வீட் பாக்ஸ் எடுத்து வருகிறார். ஆறு குப்பியும் வாங்கிவந்தது தன் சாமர்த்தியம் என்று இன்னும் பெருமை. அவர் அப்பா எப்படிப் பிழைத்தார் என்று நான் வாய் திறந்ததில்லை. அவருடைய சந்தோஷத்தில் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அந்தப் பெருமையின் மறுபக்கத்தைத்தான் எதிர் இலையில் இருந்தவர் இத்தனை வருடமாகச் சுமந்திருக்கிறார்.

கை கழுவும் இடத்தில் அவரே மறுபடி வந்தார். அப்போது சொன்னேன், எழுதியது என் தப்பு, கிடைக்காமல் போனது உங்கள் தப்பு இல்லை என்று. தலையாட்டினார். பிறகு மெதுவாகக் கேட்டார், "நான் அங்க நின்ன ரெண்டு நாளும் அப்பா என்னைத் தேடினாரா டாக்டர்?"

அவர் அப்பாவின் முகம் எனக்கு நினைவில்லை. அதை அவரிடம் சொல்லவில்லை.