கேஜ் எண் கூடினால் கம்பி மெலியும்

கேஜ் என்பது கம்பியின் தடிப்பைக் குறிக்கும் எண். கம்பியை வளைத்து நகை செய்யப் பழகத் தொடங்குகிறவர்களுக்கு, "26 கேஜ் வாங்குங்கள், 20ஐ விடத் தடிப்பு, கல்லை இறுக்கிப் பிடிக்கும்" என்று ஒரு அண்ணா எழுதியிருக்கிறார். பலர் பகிர்ந்தும் விட்டார்கள். உதவும் எண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனால் விஷயம் நேர்மாறு.

கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெலியும். அமெரிக்க அளவில் 20 கேஜ் ஏறத்தாழ 0.8 மில்லிமீற்றர், 26 கேஜ் 0.4தான். பிரித்தானிய அளவில் இரண்டுமே சற்றுத் தடிப்பு (0.91, 0.46), ஆனாலும் வரிசை மாறாது.

என்னை நம்ப வேண்டாம், நீங்களே பாருங்கள். வெர்னியர் போன்ற நுண்ணளவுக் கருவி எல்லாம் தேவையில்லை, பென்சிலும் அடிமட்டமும் போதும். கம்பியைப் பென்சிலில் இடைவெளி விடாமல் 10 சுற்று சுற்றி, நகத்தால் தள்ளி நெருக்குங்கள். ஒன்றின் மேல் ஒன்று ஏறினால் கணக்குப் பிழைத்துவிடும். பிறகு சுற்றுகளின் மொத்த அகலத்தை அளந்து 10ஆல் வகுத்தால் கம்பியின் தடிப்பு. 8 மில்லிமீற்றர் வந்தால் அமெரிக்க 20, 4 வந்தால் 26. திருகோணமலையில் மோட்டர் வைண்டிங் கடையில் துண்டுக் கம்பி வாங்கினாலும் இதே சோதனைதான். எண் எழுதியிருக்காவிட்டாலும் பரவாயில்லை.

26 கேஜ் வேண்டாத கம்பி என்று சொல்லவில்லை. 20இல் கல்லைத் தாங்கும் சட்டத்தை வளைத்து, அதைச் சுற்றிக் கட்ட 26ஐ எடுங்கள். நிலாவெளியில் பொறுக்கிய கல்லுக்கு ஒற்றை 26ஐ மட்டும் நம்பினால், கழுத்தில் போட முதலே வளைந்துவிடும்.