பெர்ஹாதியாவை ‘நகல்’ என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை

போஸ்னியாவின் பான்யா லூகா நகரிலுள்ள பெர்ஹாதியா பள்ளிவாசலைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம், அது 2016-இல் திறக்கப்பட்ட புதுக் கட்டடம்தானே, பழையது 1993-லேயே போய்விட்டதே என்று சிலர் சொல்லிவிடுகிறார்கள். பழங்கட்டடங்களின் மீது மெய்யான பற்றுள்ளவர்களே இப்படிச் சொல்வதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

உஸ்மானிய ஆட்சிக் காலத்தில் அப்பகுதியை ஆண்ட பெர்ஹாத் பாஷா சொகோலோவிச் 1579-இல் கட்டிய பள்ளிவாசல் அது. 1575-இல் எல்லையில் நடந்த போரில் ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் அரசின் படைத்தலைவர் அவுவர்ஸ்பெர்க் கொல்லப்பட, அவருடைய மகன் சிறைப்பட்டார்; மகனை மீட்க அந்தக் குடும்பம் கொடுத்த பணத்தில்தான் பள்ளிவாசல் எழுந்தது என்பது அங்கு வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. வடிவமைத்த கலைஞரின் பெயர் தெரியாவிட்டாலும், அமைப்பைப் பார்த்து மாபெரும் கட்டடக் கலைஞர் சினானின் மரபில் வந்தவர் என்கிறார்கள்.

இஸ்தான்புல்லின் பிரம்மாண்டமான சுலைமானியா பள்ளிவாசலை மனத்தில் வைத்துக்கொண்டு இதைப் பார்க்கக் கூடாது. அகலம் 18 மீட்டர், நீளம் 14 மீட்டர், குவிமாடத்தின் உச்சி 18 மீட்டர், மினாரா 43 மீட்டர், அவ்வளவுதான். முகப்பில் மூன்று சிறு குவிமாடங்களைத் தாங்கும் தாழ்வாரம். அதைக் கடந்து உள்ளே போனால் தலைக்கு மேல் ஒரே பெரிய குவிமாடம். மக்காவை நோக்கிய கிப்லா பக்கத்தில், தொழுகைத் திசையைக் காட்டும் மாடமான மிஹ்ராபுக்கென்று சுவர் வெளியே நீண்டு, அதன் மேல் அரைக்குவிமாடம் கவிந்திருக்கும். அந்த நீட்சி ஒன்றினாலேயே சிறிய தொழுகைக் கூடம் ஆழம் பெற்றுவிடுகிறது. பேரரசின் ஓரத்தில் இருந்த ஒரு ஊருக்கு, தலைநகரின் இலக்கணத்தை அளவு குறைத்து, அழகு குறையாமல் கொண்டுவந்து சேர்த்த அந்தக் கைகளை நான் பெரிதும் மதிக்கிறேன்.

1969-இல் நகரைக் குலுக்கிய நிலநடுக்கத்தையும் அது தாங்கி நின்றது. போஸ்னியப் போரின்போது, 1993 மே 6-ஆம் தேதி இரவு விடிவதற்குள் செர்பியத் தேசியவாதிகள் அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். பான்யா லூகா போர்முனையாக இருந்த ஊர் அல்ல என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். தவறி விழுந்த குண்டு எதுவும் இதைச் சாய்க்கவில்லை. அந்தப் போர் முடிவதற்குள் நகரின் 16 பள்ளிவாசல்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. பெர்ஹாதியாவின் கற்களை லாரிகளில் ஏற்றி, ராமிச்சி என்ற இடத்திலிருந்த குப்பைமேட்டில் கொட்டிவிட்டு, பள்ளிவாசல் நின்ற இடத்தை மட்டமாக்கினார்கள்.

மீண்டும் கட்டுவதற்கு 2001 மே 7-இல் அடிக்கல் நாட்ட வந்தவர்களைச் செர்பியத் தேசியவாதக் கும்பல் கல்லால் அடித்தது. தலையில் காயம்பட்ட முதியவர் ஒருவர் பின்னர் இறந்துபோனார். அடுத்த மாதம் பலத்த காவலுக்கு நடுவில்தான் அந்தக் கல்லை வைக்க முடிந்தது.

அதன்பின் நடந்த வேலைதான் என் வாதத்துக்கு ஆதாரம். சரயேவோவின் கட்டடக்கலைப் பேராசிரியர் முஹமத் ஹமிதோவிச் தலைமையில், குப்பைக்குள்ளிருந்து கற்களைத் தோண்டி எடுத்தார்கள். உடைந்து கிடக்கும் ஒரு துண்டைக் கையிலெடுத்து, அதன் வளைவையும் செதுக்கையும் பார்த்து, இது வளைவில் இருந்ததா, தூணில் இருந்ததா, எந்த வரிசையில் இருந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். பிறகு பழைய படங்களோடும் அளவுகளோடும் ஒப்பிட வேண்டும். தேறிய கற்களைச் சுவரிலேயே திரும்ப வைத்து, இல்லாத இடத்துக்கு மட்டும் புதுக்கல் கொடுத்தார்கள். அதே போரில் தகர்ந்து ஆற்றில் விழுந்த, மோஸ்தார் நகரின் பழைய பாலத்தில்கூட இது கைகூடவில்லை. ஆற்றிலிருந்து எடுத்த கற்கள் தாங்காது என்பதால் புதுக்கற்களைக் கொண்டே அதைக் கட்டி 2004-இல் திறந்தார்கள்.

பழுதுபார்த்துப் பழுதுபார்த்துத்தான் எந்தப் பழைய கட்டடமும் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அவற்றையெல்லாம் தொன்மை என்று ஒப்புக்கொண்டுவிட்டு, இங்கே மட்டும் பாதியில் கணக்கு முடிந்தது என்று சொன்னால், வெடிவைத்தவர்கள் எதற்கு ஆசைப்பட்டார்களோ அதையே நாமும் ஒப்புக்கொள்கிறோம். பெர்ஹாதியா கட்டப்பட்ட ஆண்டு எதுவென்று கேட்டால் 1579 என்றே நான் சொல்வேன். 1993-ஐயும் 2016-ஐயும் அதே மூச்சில் சேர்த்துச் சொல்வேன். அதே இரவில் தகர்க்கப்பட்ட அர்னாவுதியா பள்ளிவாசலும் மீண்டும் எழுந்து 2024-இல் திறக்கப்பட்டிருக்கிறது. அதைப் பற்றி எழுதுகிறவர்களாவது ‘நகல்’ என்ற சொல்லைத் தவிர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.