“மனச்சிதைவு குணமாகாது” என்பது உண்மையா?

“மனச்சிதைவு வந்தவர் தேறவே மாட்டார். மாத்திரை தூங்க மட்டுமே வைக்கும். கட்டிப்போடுவதே பாதுகாப்பு” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. மூன்றுமே தவறு. மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) என்பது, யாரும் பேசாதபோதும் குரல்கள் கேட்பதும் வீண் சந்தேகங்கள் எழுவதுமான மனநோய்.

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநில மனநல மருத்துவமனையில் பல ஆண்டுகள் கிடந்த 269 பேரை 1950-களில் வெளியே அனுப்பினார்கள். தேறவே மாட்டார்கள் என்று கைவிடப்பட்டவர்கள் அவர்கள். மருந்தோடு தங்க இடமும் வேலைப் பயிற்சியும் கொடுத்தார்கள். இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு ஆய்வாளர் கோர்ட்னி ஹார்டிங் குழுவினர் தேடிப் போய்ப் பார்த்தபோது, பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கினர் வரை குணமாகியோ பெருமளவு தேறியோ இருந்தார்கள். 1987-இல் வெளியான முடிவு இது. எல்லோரும் தேறவில்லை என்பதும் உண்மைதான். ஆனால் “யாருமே தேறமாட்டார்” என்ற பேச்சு அங்கேயே உடைந்துவிட்டது.

மாத்திரை, காதில் கேட்கும் குரல்களையும் வீண் சந்தேகங்களையும் தணிக்கிறது. சிலருக்குத் தூக்கம், உடல் எடை கூடுவது போன்ற தொல்லைகள் வருவதுண்டு. மருத்துவரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றலாம். தானாகத் திடீரென நிறுத்தினால் நோய் திரும்பும் ஆபத்து அதிகம். ஆனால் மாத்திரையோடு வேலை முடிவதில்லை. காலையில் எழுந்து போக ஒரு வேலை, பேச்சுத் துணைக்கு ஆள், தன் சிகிச்சையைப் பற்றித் தானும் முடிவெடுக்கும் உரிமை, இவையெல்லாம் சேர்ந்ததுதான் மீட்சி.

சங்கிலி என்ன செய்யும் என்பதை நாம் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் இருந்த மனநோயாளிகள் காப்பகத்தில் பார்த்தோம். 2001 ஆகஸ்ட் 6 அன்று தீப்பிடித்தபோது, கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் கருகினார்கள். 28 உயிர்கள் போயின. மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியால் கட்டுவதை 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடைசெய்கிறது. உதவி தேவையென்றால் அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலி மானஸை 14416 என்ற எண்ணில் இலவசமாக அழைக்கலாம்.