விலை ஏறும் வாய்ப்பு தெரியாமலே ஆப்ஷனுக்கு விலை வைக்கலாம்

செம்பனை எண்ணெய் ஆப்ஷனுக்கு, அதாவது இன்றே பேசிய விலைக்குப் பிறகு வாங்கும் உரிமைக்கு, விலை வைக்க, எண்ணெய் விலை ஏறும் வாய்ப்பு எவ்வளவு என்று முதலில் தெரிய வேண்டும் என்கிறது ஒரு கட்டுரை. இது சரியில்லை. மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைக் குலை விற்பவர்கள் நிறைய பேர் இதைப் படிப்பார்கள், அதனால் சொல்கிறேன்.

ஒரு டன் முன்பேர விலை, அதாவது பின்னால் வாங்க இன்றே பேசும் விலை, இன்று 4000 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த மாதம் அது 4600 ஆகும், இல்லாவிட்டால் 3800 ஆகும். 4000க்கு வாங்கும் உரிமை தரும் ஆப்ஷன், ஏறினால் 600 தரும், இறங்கினால் ஒன்றுமில்லை.

இதை விற்பவர் 150 ரிங்கிட் வாங்கிக்கொண்டு, முக்கால் டன்னுக்கு (600ஐ, 4600க்கும் 3800க்கும் உள்ள வித்தியாசம் 800ஆல் வகுத்தால் வருவது) முன்பேரம் வாங்கிப் போடட்டும். ஏறினால் லாபம் 450. கையிலிருக்கும் 150 சேர்ந்து 600, கொடுத்துவிடலாம். இறங்கினால் நட்டம் 150, அதுவும் கையிலேயே இருக்கிறது. வட்டியை விட்டுவிட்டால் விலை 150தான். வாய்ப்பைப் பற்றி எங்கேயாவது பேசினோமா?

காக்ஸ், ராஸ், ரூபின்ஸ்டைன் என்ற நிதியியல் அறிஞர்கள் மூவரும் 1979இல் எழுதிய ஈருறுப்பு முறையின் (ஒவ்வொரு படியிலும் விலை இரண்டில் ஒன்றாக மாறும் என்று வைத்து ஆப்ஷன் விலை காணும் முறை) உயிரே இதுதான். பல படிகள் போட்டாலும் ஒவ்வொரு படியிலும் இதே கணக்கு.

அப்புறம் ஒன்று: 3800க்குப் பதில் 3600 என்று போட்டுப் பாருங்கள். இப்போது வாங்க வேண்டியது 0.6 டன், இறங்கினால் அதில் நட்டம் 240; அதனால் கீழ்விலை இறங்கியும் ஆப்ஷன் 240 ரிங்கிட்டாக ஏறிவிடும்.