துண்டு ஒன்று போதும்

ஆண்டு விழா சீசன் வந்துவிட்டது. சேலத்தில் உடை வாடகைக்கு விடும் கடைகளில் பாரதியார் தலைப்பாகைக்கும் முயல் காதுக்கும் அடிதடி. பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் "வசனம் மனப்பாடம் ஆயிருச்சா?" என்று விசாரணை. தொடக்கப்பள்ளி ஆசிரியையான நான் இதைச் சொன்னால் கூட இருப்பவர்களே கோபித்துக்கொள்வார்கள். இருந்தாலும் சொல்கிறேன்: ஆறேழு வயதுப் பிள்ளைக்கு மேடை வேண்டாம், நாடக விளையாட்டு போதும்.

மூன்றாம் வகுப்பு ஆண்டு விழாவில் நான் மரம். இரண்டு கையிலும் வேப்பங்கொத்து. நடுவில் மூக்கு அரித்தது, சொறிந்துவிட்டேன். மரம் அசைந்ததற்கு மறுநாள் வாங்கிய திட்டு இன்னும் ஞாபகம் இருக்கிறது. நாடகத்தின் கதைதான் ஞாபகம் இல்லை.

இப்போது இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப்போய் ஏற்காடு மலையில் ஒரு சின்னப் பள்ளியில் வேலை. அங்கே வட்டமாக உட்கார்ந்து ஒரு துண்டைக் கைமாற்றி விளையாடுவோம். இது துண்டு இல்லை, வேறு ஏதோ ஒன்று. அது என்னவென்று வாய் திறக்காமல் செய்துகாட்ட வேண்டும், மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். முதல் நாள் வரிசையாக ஐந்து பேர் பாம்பு பிடித்தார்கள். ஆறாவதாக ஒரு பையன். இரண்டாம் வகுப்பு. வருகைப் பதிவில் அவன் பெயரைக் கூப்பிட்டால்கூடப் பக்கத்துப் பையன்தான் "உள்ளேன் டீச்சர்" சொல்வான்.

அவன் துண்டைத் தரையில் விரித்தான். நாலு முனையையும் சேர்த்து முடிந்து முதுகில் ஏற்றினான். ஏற்றும்போது முழங்கால் மடங்கியது, அத்தனை கனம்! நாலு எட்டு நடந்து, இறக்கி, காற்றில் ஒரு கொக்கியில் மாட்டி, கண்ணைச் சுருக்கி மேலே பார்த்தான். அப்புறம் விதியெல்லாம் மறந்து சத்தமாகச் சொன்னான்: "அண்ணா, முள்ளு இன்னும் ஆடுது. நின்னப்புறம் எழுதுங்க."

"காப்பிப் பழம்!" என்று வகுப்பே கத்தியது. பறிப்புக் காலத்தில் சாயங்காலம் எடை போடும் இடத்தில் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பிள்ளைகள். எவ்வளவு பார்த்து வைத்திருக்கிறான்! எந்த வசனத்தை எழுதிக் கொடுத்து இதை வாங்கியிருக்க முடியும்?

இது புதுச் சரக்கும் இல்லை. 1930களின் கடைசியில் சிகாகோவில், குடியேறி வந்த குடும்பத்துப் பிள்ளைகளோடு வேலை செய்த வயோலா ஸ்போலின் இப்படிப்பட்ட விளையாட்டுகளை உருவாக்கி, 1963இல் புத்தகமாகவும் கொண்டுவந்தார். அவ்வளவு தூரம் போவானேன், பூப்பறிக்க வருகிறோம் என்று இரண்டு கட்சியாக நின்று கேள்வி பதில் போட்டதும், சீட்டைப் பிரித்து ராஜா, மந்திரி, திருடன் ஆனதும் நாடகம்தானே? தொடக்க வகுப்புகளுக்காக 2022இல் தமிழக அரசு கொண்டுவந்த எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் பாட்டு, கதை, பொம்மலாட்டம் எல்லாம் இருக்கிறது. கெடுப்பது நாம்தான். பிள்ளை வீட்டுப் பேச்சில் ஒரு வார்த்தை சொன்னால் உடனே திருத்துகிறோம். நன்றாகச் செய்தவனுக்குப் பரிசு என்கிறோம், மற்றவர்கள் சுருண்டுவிடுகிறார்கள். எல்லாவற்றையும்விட மோசம், போனைத் தூக்கி வீடியோ எடுப்பது. போன் மேலே போனதும் பிள்ளைகள் மூட்டையை விட்டுவிட்டுப் போனைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அந்த நிமிஷமே அது ஆண்டு விழா ஆகிவிடுகிறது.

சத்தம் வரும், உண்மைதான். பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்ப்பார். நான் ஒரு கைதட்டு வைத்திருக்கிறேன்: தட்டினால் எல்லோரும் சிலை. அதுவும் ஒரு விளையாட்டு என்பதால் அடங்குகிறார்கள். சில நாள் அடங்குவதில்லை. அன்றைக்குத் துண்டை மடித்து வைத்துவிட்டு வாய்ப்பாடு சொல்ல வேண்டியதுதான்.

அந்தப் பையன் வாயாடி ஆகிவிட்டானா என்று கேட்காதீர்கள். இன்றைக்கும் பக்கத்துப் பையன்தான் "உள்ளேன் டீச்சர்" சொல்கிறான். ஆனால் நான் துண்டை எடுத்தால், முதல் ஆளாகக் கிடைக்க வேண்டும் என்று எனக்கு வலப்பக்கம் ஓடிவந்து உட்கார்ந்துகொள்கிறான்.