காம்போ அப்புறம், பிளாக் முதலில்

கோயமுத்தூர் காந்திபுரத்தில் டெக்கன் 8 என்ற சண்டை வீடியோ கேமில் ஒரு புதுப் பையன் தோற்பதைப் படம்பிடித்துப் போட்ட வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நான் திரும்பப் பகிரப் போவதில்லை. அந்தப் பையன் தோற்றதில் எனக்கு வருத்தமில்லை. டெக்கன் 8-க்குப் புதிதாக வந்தவன் தோற்கத்தான் செய்வான். ஆனால் கீழே கமெண்டில் வரிசையாக வந்து "முதல்ல பத்து காம்போ மனப்பாடம் பண்ணிட்டு வாடா" என்றீர்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

காம்போ, அதாவது எதிராளி மீளமுடியாமல் அடுத்தடுத்து விழும் அடிகள், எப்போது தொடங்கும்? எதிராளியைத் தூக்கிவிடும் முதல் அடி பட்ட பிறகு. அது படும்வரை இவன் தாக்குப்பிடிக்க வேண்டும். அதற்கு பிளாக், அதாவது அடியைத் தடுப்பது, தெரிய வேண்டும். அதை யாராவது சொல்லிக்கொடுத்தீர்களா?

நின்றபடி பிளாக் செய்தால் ஹை (தலைக்கு வரும் அடி), மிட் (உடம்புக்கு வருவது) இரண்டும் தடுபடும், லோ (காலுக்கு வருவது) மட்டும் விழும். உட்கார்ந்தால் லோ தடுபடும், ஹை தலைக்கு மேலே போய்விடும், மிட் வந்து விழும். தூக்கி எறிகிற அடிகளில் பெரும்பாலானவை மிட்தான். புதியவன் பயத்தில் உட்கார்ந்துவிடுகிறான், அங்கேதான் மாட்டுகிறான். "நின்னே தடு, காலில் விழும் சின்ன அடியை வாங்கிக்கோ" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? பெரிய அடியைத் தடுத்துவிட்டால் எதிராளி ஒரு கணம் அசைய முடியாமல் நிற்பான். நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும் கேமில் ஜாப் என்ற சின்னக் குத்து போய்ச் சேர 10 ஃபிரேம் போதும். இடது, வலது, இரண்டே குத்து. பிராக்டிஸ் மோடில் எதிரே நிற்பவனை ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடிக்க வைத்து இதைப் பழகலாம். பத்து காம்போவைவிட இது முக்கியம்.

எனக்கு இதைச் சொன்னது கோபியில் மணிக்கணக்குக்குக் காசு வாங்கி பிளேஸ்டேஷன் விட்டுக்கொண்டிருந்த அண்ணா. டெக்கன் 3 காலம். நான் பட்டன்களைக் கண்டபடி அமுக்குவதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "கண்ணு, பட்டனை உடு. நான் அடிக்கறேன், நீ தடுத்துட்டே இரு" என்றார். அந்த நேரத்துக்குக் காசு வாங்கவில்லை. சிரிக்கவும் இல்லை.

காம்போ போட்டால்தானே ஜாலி என்பீர்கள். சரி, போடட்டும், நான் வேண்டாம் என்றா சொன்னேன்? எடி என்ற கேரக்டரை எடுத்துக் கிக்கை மட்டும் அமுக்குகிறான் என்று சிரிக்கிறீர்கள். 1997-ல் எடி வந்த நாளிலிருந்து புதியவர்கள் அதைத்தானே செய்கிறார்கள்?

"நாங்களும் அடி வாங்கித்தான் கத்துக்கிட்டோம்" என்பவர்களுக்கு ஒன்று. உங்களை அடித்தவர் பக்கத்தில் இருந்தார். அடுத்த மேட்சும் உங்களோடு ஆடினார். எதில் மாட்டினீர்கள் என்று வாயைத் திறந்து சொன்னார். படம்பிடித்து ஊருக்குக் காட்டவில்லை. இரண்டும் ஒன்றாகுமா?

லாகூர்க்காரரான டெக்கன் ஆட்டக்காரர் அர்ஸலான் ஆஷ், ஈவோ என்ற பெரிய சண்டை கேம் போட்டிகளில், 2019-ல் ஈவோ ஜப்பானையும் லாஸ் வேகஸ் ஈவோவையும் ஒரே ஆண்டில் ஜெயித்தார். வெளியுலகம் அதிகம் கேள்விப்படாத உள்ளூர் ஆட்டக்காரர்களோடு மோதி மோதி வளர்ந்தவர். அவருக்கு ஆடுவதற்கு ஆள் இருந்தது. நமக்கு? ஈரோட்டிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் சனிக்கிழமை பஸ் ஏறி வருகிறவர்கள் ஏன் அடுத்த மாதம் வருவதில்லை என்று ஒருநாளாவது யோசித்தீர்களா? எனக்குத் தெரிந்தே நல்ல கை உள்ள பசங்க இப்படிப் போய்விட்டார்கள். அதை நினைத்தால் இன்னும் வலிக்கிறது.

வந்த ஒருவனையும் துரத்திவிட்டு, கோயமுத்தூரில் ஆட ஆளே இல்லைங்கண்ணா என்று இனி என் இன்பாக்ஸுக்கு வராதீர்கள்.