பிரியாணிப் பொட்டலத்துக்காரர்கள்

ஞாயிற்றுக்கிழமை நலச்சங்கக் கூட்டத்தில் நடந்ததை மறுபடியும் விவரிக்கப் போவதில்லை. அன்று சிரித்தவர்களில் பாதிப் பேர் இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறீர்கள். மழைநீர் வடிகால் பற்றிப் பேச எழுந்த வட்டப் பிரதிநிதியை, அதாவது எங்கள் வார்டின் கட்சிப் பொறுப்பாளரைப் பார்த்து, “பிரியாணிப் பொட்டலத்துக்குக் கொடி பிடிப்பவரெல்லாம் வார்டு நிர்வாகம் பேச வந்துவிட்டார்” என்றார் ஒரு பெரியவர். என் தந்தையின் வயதுடையவர் என்பதால் அப்போது வாயை மூடிக்கொண்டிருந்தேன். மூன்று நாட்களாக அதற்காக வருந்திக்கொண்டிருக்கிறேன்.

உள்ளாட்சித் தேர்தல் நடப்பதே அந்தப் பிரியாணிப் பொட்டலத்துக்காரர்களின் உழைப்பில்தான். சட்டமன்றத் தேர்தலில் தலைவரின் முகத்துக்காகவே வாக்கு விழுந்துவிடலாம். மாநகராட்சி மாமன்றத் தேர்தலில், குழாயில் தண்ணீர் வராவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்று வாசலில் நின்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்பவர் தலைவர் அல்லர், அதே தெருக்காரர்.

என் அப்பாவும் வட்டப் பிரதிநிதியாக இருந்தவர். வாக்காளர் பட்டியல் கைக்கு வந்தால், அடிஸ்கேலை வைத்து வரி வரியாக இறக்கிக்கொண்டே வருவார். இறந்தவர்களுக்குச் சிவப்புக் கோடு, வீடு மாறியவர்களுக்குப் பச்சைச் சுழி. சிவப்புக் கோடு போடும்போது மட்டும் சற்று நிறுத்தி, “நல்ல மனுஷன்” என்பார், எதிர்க்கட்சிக்காரராக இருந்தாலும். 2016 அக்டோபரில், சுவர்களுக்கெல்லாம் வெள்ளையடித்துச் சின்னம் வரைந்து முடித்த பிறகு, உயர் நீதிமன்றம் தேர்தலை ரத்து செய்தது. அடுத்த மாநகராட்சித் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19 அன்று. இடைப்பட்ட ஐந்தாண்டுகளுக்கும் மேலாகச் சென்னையின் 200 வார்டுகளில் ஒன்றிலும் கவுன்சிலர் கிடையாது. கழிவுநீர் பொங்கிய காலை வேளைகளில் எங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டினார்கள். அந்தப் பெரியவரின் வீட்டிலிருந்தும் வந்தார்கள் என்பதைச் சபை நாகரிகம் கருதி அன்று நான் சொல்லவில்லை.

பணப் பட்டுவாடா செய்வதும் இவர்கள்தானே என்பீர்கள். செய்பவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. கதவைத் திறந்து உறையை வாங்கிய கைகள் எந்தத் தெருவைச் சேர்ந்தவை என்பதையும் பேசுவதானால், நானும் பேசத் தயார். உள்ளாட்சிக்குக் கட்சியே வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு செய்தி: ஊராட்சித் தலைவர் தேர்தல் கட்சிச் சின்னம் இல்லாமல்தான் நடக்கிறது, அங்கே எந்த வேட்பாளர் எந்தக் கட்சி என்பது டீக்கடைப் பெஞ்சுக்கும் தெரியும். படித்த நடுநிலையாளர்கள் முன்வர வேண்டும் என்கிறீர்களா? தாராளமாக வாருங்கள். 2022இல் வாக்குப்பதிவு சனிக்கிழமையன்றுதான் நடந்தது, விடுமுறையும் விட்டிருந்தார்கள். சென்னையில் 44 சதவீதம்கூடத் தேறவில்லை. அன்று காலை ஏழு மணிக்கு முன்பே மாதிரி வாக்குப்பதிவைச் சரிபார்த்து, மாலையில் இயந்திரத்துக்கு முத்திரை வைக்கும்வரை வாக்குச்சாவடி உள்ளே உட்கார்ந்திருந்த கட்சி முகவர்களுக்கு, நீங்கள் சொல்லும் அந்தப் பொட்டலம் மூன்றரை மணிக்குத்தான் வந்தது. அதுவும் தக்காளிச் சாதம்.

வெளியாள் சொன்னதற்கு இவ்வளவு கோபப்படும் நீ, கட்சிக்குள் நடப்பதைக் கேட்டாயா என்று ஒரு தோழி நேற்றுக் கேட்டாள். கேட்கவில்லை. எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டபோது, இருபது ஆண்டுகளாக வீடு வீடாக ஏறி இறங்கிய மகளிர் அணி அக்காவுக்குத்தான் சீட் என்று எல்லோரும் நினைத்திருந்தோம். மேலே வேண்டப்பட்ட ஒருவரின் மனைவிக்குக் கொடுத்தார்கள். அந்த அம்மையாருக்கு எங்கள் தெருப் பெயர்கள்கூடத் தெரியாது. அக்காதான் கூடவே நடந்து ஒவ்வொரு தெருவாகச் சொல்லிக்கொடுத்தார். வெற்றி விழா மேடையில் அக்காவுக்கு நாற்காலி போடவில்லை. அன்றும் நான் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

சிரிப்பொலி எழுந்ததும், ஞாயிறன்று பேச எழுந்தவர் கையிலிருந்த தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அதில் என்ன எழுதியிருந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. கூட்டம் கலைந்த பிறகு நான் வாங்கிப் பார்த்தேன்: வடிகால் மூடி உடைந்துகிடக்கும் ஒன்பது இடங்கள், எதிரிலுள்ள வீட்டு எண்களுடன்.